பாப்பா வேஷம்

மேடையில் வெகுளியாக நடிப்பது கஷ்டமான வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். கண்ணை உருட்டிக்கொண்டு நின்றால் போதாதா என்பீர்கள். போதாது. வில்லன் தேன் தடவிய மாதிரி ஒரு பேச்சுப் பேசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள விஷம் கொட்டகையில் இருக்கும் அத்தனை பேருக்கும் புரிய வேண்டும். எல்லாருக்கும் புரிந்த பிறகுதான் அவளுக்குப் புரிய வேண்டும். கொஞ்சம் முந்திப் புரிந்துவிட்டால் அவள் கெட்டிக்காரி, பரிதாபம் வராது. ரொம்பப் பிந்திப் புரிந்தால் மக்கு, சிரிப்பு வந்துவிடும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. முன் வரிசைப் பெண்கள் 'உச்' கொட்டி முடிக்கும் இடம். அங்கே கண் அசைய வேண்டும்.

அந்த இடத்தில் ஒரு நாளும் தப்பாமல் கண் அசைத்தவள் எங்கள் பாப்பா. அவளை இன்றைக்கு யாரும் பாப்பா என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு அந்தக் கொட்டகையில் பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. அதனால் எனக்கு 'வசனம்' என்றே பெயர். எல்லாரையும் நான் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாரும் அழகுதான். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் யார் வயிற்றை எக்கிப் பிடித்திருக்கிறார்கள், யாருக்குக் கால் நடுங்குகிறது என்று தெரியும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொல்லுவார்கள். சரிதான். வசனத்தை மறந்துவிட்டு என்னையே முறைக்கிற ஆட்களோடு காலம் தள்ளினால் உங்களுக்கும் வரும்.

பாப்பா பதினாறு வயதுப் பெண்ணாக நடிக்க ஆரம்பித்தபோது அவளுக்குப் பதினேழு வயது. முப்பத்தைந்திலும் அதே பதினாறுதான். இரட்டைப் பின்னல், ரிப்பன், முழங்கால் மூடிய கவுன். உள்பக்கம் திரும்பிய கால் கட்டைவிரல். 'எனக்கு ஒன்றும் தெரியாதே ஐயா' என்று ஒரு வசனம். எந்த நாடகமாக இருந்தாலும் அந்த வசனம் உண்டு, முதலாளிக்கு அதை விட்டால் எழுத வராது.

ஆனால் மேடைக்குப் பின்னால் அவளைப் பார்க்க வேண்டும். அண்ணன் குழாய் ரிப்பேர்க்காரர். அவரிடம் வேலை பழகி, ஒப்பனை அறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் தானே கழற்றி மாட்டுவாள். வாயைத் திறந்தால் காது கூசும்படி ஜோக் சொல்லுவாள். ஒரு தடவை நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது அட்டைச் சுவர் சாய்ந்தது. அதைத் தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டே, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று கீச்சுக் குரலில் வசனம் சொல்லி முடித்தாள். சுவரைத் தாங்கிய தோளை மறைத்துக்கொண்டு முகத்தில் மட்டும் பயத்தைக் காட்டினாள். பக்கவாட்டில் இருந்த எனக்கு இரண்டும் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவள் எனக்குச் சிநேகிதி ஆனாள்.

முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். பாப்பா கடையில் பேரம் பேசக் கூடாது. தெருவில் வாய் விட்டுச் சிரிக்கக் கூடாது. பஸ்ஸில் யாரோடும் சண்டை போடக் கூடாது. கல்யாணம் செய்துகொள்ளவே கூடாது. "மேடையில பச்சைப் பிள்ளைன்னு நம்பணும்னா தெருவுலயும் பச்சைப் பிள்ளையா இருக்கணும்மா" என்பார். கடைக்காரர்களுக்கும் அவள் பாப்பாதான். 'இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லிக்கொண்டே சொத்தைக் காய்களை அவள் பையில் தள்ளுவார்கள். அவள் வீட்டுக்கு வந்து சொத்தையை வெட்டிக்கொண்டே அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாள்.

கதாநாயகனுக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. அவருக்குப் பேரனே இருந்தான். அந்தப் பயல் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, காதல் காட்சியில் "தாத்தா!" என்று கத்துவான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், மறுபடி காதலைப் பார்ப்பார்கள். அவருக்கு வேஷம் மேடையோடு போயிற்று. இவளுக்கு மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது. எனக்கு அப்போதும் ஆத்திரம், இப்போதும் ஆத்திரம்.

பாப்பா கல்யாணம் செய்துகொண்டாள். விளக்குப் போடுகிறவனை. முதலாளி குதித்தார், பிறகு அடங்கினார். வெளியே தெரியக் கூடாது என்பது ஒப்பந்தம். குழந்தை உண்டானபோது, பாப்பாவுக்குத் தொண்டையில் கோளாறு, ஓய்வு எடுக்கிறாள் என்று கொட்டகை வாசலில் எழுதிப் போட்டார்கள். தொண்டைக்குப் பிறந்த பெண்ணை நான்தான் முதலில் கையில் வாங்கினேன். விளக்குக்காரன் வெளியூரில் நல்ல வேலை என்று போனான். போன இடத்தில் ஒரு குடும்பமும் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதி மையைக் கெடுக்க மாட்டேன்.

பாப்பாவின் அம்மா அதே வருஷம் இறந்துபோனார். முதலாளிக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. "உங்க அம்மாவோட கடைசிக் குழந்தைன்னு சொல்லிடு. உனக்குத் தங்கச்சி" என்றார். செத்துப் போனவரிடம் போய் யார் கேட்கப் போகிறார்கள்? அண்ணியும் தலையாட்டினாள். குழந்தையைத் தன் இடுப்பிலேயே வைத்து வளர்த்தாள். கேட்டவர்களிடம் "என் நாத்தனார்" என்றாள். இடுப்பில் நாத்தனாரைச் சுமக்கிற அண்ணியை ஊர் மெச்சிக்கொண்டது.

குழந்தைக்குப் பேச்சு வந்தபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று சொல்லிக் கொடுத்தால் எங்கேயாவது உளறிவிடும். அதனால் வீட்டிலும் ஒரே பேச்சுதான். பாப்பா தரையில் உட்கார்ந்து, குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா சொல்லு. அக்கா" என்றாள். அது "க்கா" என்றது. அவள் கைதட்டினாள். அப்புறம் கொல்லைப் பக்கம் போய் நெடுநேரம் முகம் கழுவினாள்.

பெண்ணுக்குப் பத்து வயதில் அண்ணி உண்மையைச் சொல்லிவிட்டாள். பெண் "ம்" என்று கேட்டுக்கொண்டு, கணக்குப் பாடத்தைப் போட்டு முடித்தாளாம். மறுநாளும் அக்கா என்றே கூப்பிட்டாள். அழுத்தக்காரி.

இப்படியே இன்னும் எத்தனை காலம் வேண்டுமானாலும் போயிருக்கும். முதலாளிதான் கெடுத்தார், புண்ணியவான்.

பெண்ணுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. பாப்பாவுக்குக் குடை கொடுக்கக் கொட்டகைக்கு வந்தவளை முதலாளி பார்த்துவிட்டார். உடனே எங்களிடம் ஓடி வந்தார்.

"பாப்பா! உன் தங்கச்சியைப் பாத்தேன்மா. அப்படியே உன் முகஜாடை! இது எப்படி எனக்கு இத்தனை நாள் தோணாம போச்சு?"

பாப்பா அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த மனிதர் நடிக்கவில்லை. அவரே கட்டிவிட்ட பொய், அவருக்கே நிஜமாகிவிட்டது. நாடகக்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இது. திரும்பத் திரும்பச் சொல்லி ஒப்பித்தது எதுவும் அவர்களுக்கு நடந்த கதையாகிவிடும்.

"முதலாளி, அவ என் பொண்ணு. மறந்துட்டீங்களா?" என்றாள் பாப்பா.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம்தான். பிறகு கையை வீசி, "அதெல்லாம் பழைய கதைம்மா. இப்ப ஊருக்கு அவ தங்கச்சி. தங்கச்சின்னா தங்கச்சிதான். உனக்கும் வயசாகுது. நீ இனிமே அம்மா வேஷம் கட்டு, அவ பாப்பாவா வரட்டும். சின்னப் பாப்பா! பேரே எவ்வளவு நல்லா இருக்கு பாரு" என்றார்.

மேடையில் அம்மா வேஷம் கட்டலாம், வீட்டில்தான் கட்டக் கூடாது. இதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

பாப்பா முடியாது என்றாள். அவர் நேரே அண்ணனிடம் போய்ப் பேசினார். அண்ணன் நல்ல மனிதர்தான், ஆனால் யாராவது நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினால் சரி என்றுவிடுவார். அன்று வீட்டில் நடந்த சண்டையில் நானும் இருந்தேன்.

"யாரைக் கேட்டு சரின்னீங்க?" என்றாள் பாப்பா.

"என்னம்மா தப்பு? நீயும் இதுலதானே இருக்க? நல்லாத்தானே இருக்க?"

"நான் நல்லா இருக்கேனா? அண்ணே, என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் பார்க்கவில்லை. "பள்ளிக்கூடத்துல, ஊர்ல, எல்லா இடத்துலயும் அவளுக்குப் பெரியவன் நான்தான். என்னைக் கேட்டாங்க, சொன்னேன்."

"பெத்தவ நான்."

"அதை வெளிய சொல்ல முடியுமா உன்னால?"

அண்ணி அடுப்படியிலிருந்து வந்து புருஷனை முறைத்த முறைப்பில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் கேள்வி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

பெண்ணைக் கேட்டால், "போய்த்தான் பாக்கறேனே" என்றாள். பதினைந்து வயதில் யாருக்குத்தான் மேடை பிடிக்காது?

முதல் நாள் ஒத்திகை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வில்லன் வீட்டுக் காட்சி. வெகுளிப் பெண்ணை அழைத்து வந்த வில்லன், வாசலில் யாரோ கூப்பிட்டதும் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறான். அவள் அங்கேயே நிற்க வேண்டும்.

"கதவு திறந்துதானே இருக்கு? அவ ஏன் போகல?" என்று கேட்டாள் பெண்.

"அவளுக்குப் போகத் தோணாது" என்றார் முதலாளி.

"ஏன் தோணாது?"

"அவ வெகுளிம்மா."

"வெகுளின்னா கால் கிடையாதா சார்?"

நான் சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. முதலாளி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். இத்தனை வருஷமாக எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்த காட்சி. இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டதில்லை. நான் உட்பட.

ஆனால் முதலாளி கைதேர்ந்தவர். திட்டமாட்டார், கொஞ்சுவார். "சின்னப் பாப்பா, நீ கேள்வி கேக்கறப்போ முகம் கடுகடுன்னு ஆயிடுது. கேக்காம நின்னு பாரு, எவ்வளவு அழகா இருக்கே" என்பார். எல்லாரும் ஆமாம் என்பார்கள். அடுத்த ஒத்திகையில் அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். அதற்கடுத்ததில் வாயே திறக்கவில்லை. கட்டைவிரல் உள்பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு காலையில் பாப்பா என் அறைக்கு வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"கண்ணாடி முன்னாடி நின்னு பழகிக்கிட்டு இருந்தாடி. நான் கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தா பாரு... லேட்டா. நான் பாக்கற மாதிரியே. எங்கிட்டயே அந்தப் பார்வை பாக்கறா, வசனம். அவ கேக்கறதையே விட்டுட்டா."

"நீ சொல்லிக் கொடுத்தியா?"

"நான் ஏன் சொல்லிக் கொடுக்கணும்? பதினஞ்சு வருஷமா என்னைத்தானே பாத்துக்கிட்டு இருக்கா."

அவள் அழவில்லை. மேடையில் கண்ணீரை அவ்வளவு சுலபமாக வரவழைப்பவள், நிஜத்தில் அழமாட்டாள். என் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்துவிட்டு, "நான் புரியாத மாதிரி நின்னது பிழைப்புக்கு. இவ நிஜமாவே புரியாம போயிடுவா. விட மாட்டேன்" என்றாள்.

முதலாளி அதற்குள் சுவரொட்டி ஒட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி முடிந்ததும், சின்னப் பாப்பாவை மேடையில் ஏற்றி ஜனங்களுக்கு அறிமுகம் செய்வதாக ஏற்பாடு. ஒரு தடவை ஏறிவிட்டால் இறங்குவது எப்படி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இறங்க முடியாது.

அன்று கொட்டகை நிரம்பி வழிந்தது. பெண் மூன்றாவது வரிசையில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பச்சை ரிப்பன் கட்டி, தலை சீவி, மேடையேறத் தயாராக.

நாடகத்தின் பெரிய காட்சி இதுதான்: பணக்கார வீட்டில் வேலை செய்யும் வெகுளிப் பெண்ணின் கையில் யாரோ ஒரு குழந்தையைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். ஊர்ப் பெரியவர் எல்லார் முன்னாலும் கேட்கிறார். அவளுக்குப் பதில் கிடையாது. உதடு துடிக்க வேண்டும், கண் நிறைய வேண்டும், மயங்கி விழ வேண்டும். கதாநாயகன் ஓடி வந்து மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

பெரியவர் தடியைத் தட்டினார். "சொல் பெண்ணே! இது யாருடைய குழந்தை?"

பாப்பா துணிப் பொம்மையை அணைத்துக்கொண்டு நின்றாள். உதடு துடித்தது. முன் வரிசை உச் கொட்டியது. கண் அசைந்தது. விழ வேண்டிய நேரம் வந்தது. விழவில்லை.

"என் குழந்தை" என்றாள்.

ஊர்ப் பெரியவருக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. "என்ன சொன்னாய்?"

"என் குழந்தைன்னு சொன்னேன். காது கேக்கலையா?"

அது மேடைக் குரல் இல்லை. குழாயைக் கழற்றும்போது ஸ்பேனரைக் கேட்கிற குரல். பொம்மையைப் பெரியவரின் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் வந்து நின்றாள்.

"இந்தப் பொம்மை இல்ல. அதோ, மூணாவது வரிசையில, எங்க அண்ணி பக்கத்துல, பச்சை ரிப்பன் கட்டியிருக்காளே, அவ. நான் பெத்த பொண்ணு. கல்யாணம் பண்ணித்தான் பெத்தேன். பண்ணாம பெத்திருந்தாலும் அவ என் பொண்ணுதான். உங்களுக்குப் பிடிக்கும்னு தங்கச்சின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும். பேரம் பேசத் தெரியும். கோவப்படத் தெரியும். நீங்க என் பையில சொத்தையைப் போட்டதும் தெரியும். என் பொண்ணு இந்த வேஷம் கட்ட மாட்டா. நானும் இன்னியோட சரி."

எதிர்ப் பக்கத் திரையிலிருந்து முதலாளி இரண்டு கையையும் ஆட்டினார். 'எடுத்துக் கொடு, எடுத்துக் கொடு' என்று என்னைப் பார்த்து வாயசைத்தார். எதை எடுத்துக் கொடுப்பது? நான் நாடகப் பிரதியை மூடி, முக்காலியில் போட்டு, அதன் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

கொட்டகையில் ஓர் ஆள் எழுந்து, "இத்தனை நாள் எங்களை ஏமாத்தியிருக்கே!" என்று கத்தினான். பின்னாலிருந்து ஒரு பெண், "நீ உக்காருய்யா! அவ பிள்ளையை அவ சொல்றா, உனக்கென்ன வந்துது?" என்றாள். ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து கதாநாயகன் நுழைந்தார். அவருக்குக் காது மந்தம். உள்ளே வயிற்றுக் கச்சையை இறுக்கிக்கொண்டிருந்தவர், மேடையில் பேச்சு நின்றதும் பாப்பா மயங்கிவிட்டாள் என்று நினைத்துப் புறப்பட்டிருக்கிறார். "நிறுத்துங்கள்! இவள் களங்கமில்லாதவள்!" என்று முழங்கிக்கொண்டே வந்து தரையைத் தேடினார். தரையில் யாரும் இல்லை. அவள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வசனம், 'இது இவளுடைய குழந்தையே அல்ல.' அதற்கு வாயைத் திறந்தவர் பாப்பாவின் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பிரதியின் மேலிருந்து எழுந்திருக்கவில்லை. அந்த வசனத்தை அப்படியே விழுங்கிவிட்டு, முழங்காமல், வீட்டில் பேசுகிற மாதிரி, "இவள் களங்கமில்லாதவள்" என்று மறுபடி சொன்னார். கிழவர் அவ்வளவு நன்றாக நடித்து நான் பார்த்ததில்லை. கைதட்டல் கூரையைத் தூக்கியது. தட்டாதவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். சிலர் எழுந்து போனார்கள். திரையை யாரோ இழுத்துவிட்டார்கள்.

பக்கவாட்டுக் கதவு வழியாக நாங்கள் வெளியே வந்தபோது, பெண் சந்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அண்ணி சற்றுத் தள்ளி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

பாப்பா பவுடர் கலையாத முகத்தோடு அவள் எதிரே போய் நின்றாள். "இனிமே அக்கான்னு கூப்பிட வேணாம். அம்மான்னே கூப்பிடு" என்றாள்.

"மாட்டேன்" என்றாள் பெண்.

"ஏன்?"

"உங்களுக்கு வேணும்னா அக்கா, வேணும்னா அம்மாவா? அத்தனை பேர் முன்னாடி என்னைக் கை காட்டினீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் என்ன உங்க பொம்மையா?"

எனக்கு வந்த கோபத்தில் கையை ஓங்கியிருப்பேன். பாப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அடி வாங்கினவளைப் போல வலித்திருந்தது அந்த முகம். வலித்துக்கொண்டே அது சிரிக்கவும் செய்தது. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கேக்கறாடி, வசனம்! கேக்கறா பாரு!" பெண்ணிடம் திரும்பி, "கேக்கலதான். தப்புதான். உனக்கு எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடு. தோணாட்டி வேணாம். யார் கேட்டாலும் நான் சொல்லிக்குவேன்" என்றாள்.

பெண் பதில் சொல்வதற்குள் முதலாளி ஓடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாரானேன். மனிதர் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"பாப்பா, கைதட்டலைக் கேட்டியா? முதல்ல எனக்கு உயிரே போயிடுச்சு. ஆனா ஜனங்க இதுக்குத்தான்மா தவிச்சிருக்காங்க! நாளைக்கும் இதையே வச்சுக்கலாம். தினமும் வச்சுக்கலாம். நீ அதே மாதிரி சொல்லு, கொஞ்சம் அழுதுக்கிட்டே சொல்லு. உடனே தங்கச்சி கூட்டத்துல இருந்து..." பெண்ணின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "சின்னப் பாப்பா, நீ 'அம்மா'ன்னு கத்திக்கிட்டே மேடைக்கு ஓடி வரணும். எங்க, ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டு?"

பாப்பா முன்னால் பாய்ந்தாள். அதற்குள் பெண் அவர் கையைப் பிடித்துத் தன் முகத்திலிருந்து எடுத்துக் கீழே விட்டாள்.

"நான் சின்னப் பாப்பா இல்ல. தங்கச்சியும் இல்ல. இவங்க எங்க அம்மா. எப்ப கூப்பிடணும்னு எனக்குத் தெரியும். வழியை விடுங்க சார்."

முதலாளி நகர்ந்து வழி விட்டார்.